கட்டுமானக் களங்களில் களவும் காப்பும்

களவு என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழ் பயிலும் மாணவர் உள்ளம் தொல்காப்பியக் களவியலை நோக்கி ஓடுவது இயல்பே. நாம் இங்குப் பேச முற்படும் களவோ குறிஞ்சி நிலத்துக்கு உரியதன்று. கம்பிக்கும் சிமெண்டுக்கும், செண்ட்ரிங் தகட்டுக்கும் நீர்மோட்டாருக்கும் உரியது. வள்ளுவப் பெருந்தகை கள்ளாமையை 29ஆம் அதிகாரமாக்கித் துறவறவியலில் வைத்தார். வீடு கட்டுகின்றவன் இல்லறத்தானே எனினும், அடித்தளம் தோண்டிய நாள் முதல் சுண்ணாம்பு பூசும் நாள் வரை, தன்னைச் சூழ்ந்தோர் அனைவரும் அவ்வதிகாரத்தை ஒருமுறையேனும் படித்திருக்கலாகாதா என்று அவன் ஏங்காத இரவு இராது.

வாலாசாப்பேட்டை தொடங்கி இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இத்தோல் தொழில் வட்டாரம் 2019இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. ஆயினும் வாழ்வால் ஒன்றே. பாலாற்றையும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையையும் ஒட்டிக் காலணித் தொழிற்சாலைகளும், மருத்துவமனைகளும், கல்விக்கூடங்களும், பள்ளிவாசல்களும், குடியிருப்புகளும் இடையறாது எழும்பி வருகின்றன. இவற்றுள் பெரும்பாலான வீடுகள் ஒரே மூச்சில் கட்டப்படுவன அல்ல. தொழிற்சாலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பியதும், மனைவியின் நகையை அடகு வைத்துப் பெற்றதும் ஒன்று சேர்ந்தே ஒரு தளம் உருவாகிறது. அத்தகைய களத்திலிருந்து பத்துக் கம்பிகள் மறைந்தால் அக்குடும்பத்தின் சில மாதச் சேமிப்பே மறைந்ததாகும். பொதுமக்கள் நன்கொடையால் எழும் கட்டடமாயின் இழப்பு இன்னும் பெரிது. அது அமானத்தாக ஒப்படைக்கப்பட்ட பொருள். ஆகவே இக்களவு எவ்வாறு நிகழ்கிறது, எவ்வாறு தடுக்கலாம் என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

உள்ளிருந்து ஒழுகுவது

கட்டுமானக் களவு என்றவுடன் நள்ளிரவில் சுவரேறிக் குதிக்கும் ஒருவனையே நாம் கற்பனை செய்கிறோம். அவன் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும் இழப்பு பல இடங்களில் பட்டப்பகலில், வாயில் வழியாகவே, இரசீதுடன் வெளியேறுகிறது. குறைந்த அளவுள்ள மணல் வண்டிக்கு முழு அளவுக்குக் கையெழுத்து இடுவது, வராத மூட்டைகளை வந்ததாக எழுதுவது, நல்ல கம்பியைத் துண்டுக் கம்பிகளுடன் சேர்த்துக் கழிவென விற்பது ஆகியவை இவ்வகையின.

இது நம் காலத்துக் கேடன்று. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன்னர், எகிப்தில் மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் வாழ்ந்த தேர் எல்-மதீனா என்னும் ஊரில், செப்பு உளிகள் அரசின் உடைமையாக இருந்தன. அவற்றை எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டே திரும்பப் பெற்றனர். அதற்கெனக் குறி பொறித்த எடைக்கற்கள் வைத்திருந்தனர். உளி தேய்வது இயல்பு. தேய்மானம் என்ற பெயரில் செம்பு சிறிது சிறிதாகக் களவு போவதைத் தடுக்கவே இவ்வேற்பாடு. அதே ஊரைச் சேர்ந்த பானெப் என்பவன்மீது எழுதப்பட்ட குற்றச்சாட்டு ஒன்று பாப்பிரசுச் சுருளாக இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. இரண்டாம் சேத்தி மன்னனின் கல்லறைப் பணிக்குரிய கற்களை எடுத்துத் தன் சொந்தக் கல்லறைக்குத் தூண்கள் அமைத்துக்கொண்டான் என்பது அவன்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. பானெப் கல் சுமந்த கூலியாள் அல்லன். தொழிலாளர் அணியின் தலைவன் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். குற்றம் சாட்டியவனுக்கும் அப்பதவியின்மீது கண் இருந்தது என்பது வேறு கதை.

கணக்கே முதற் பூட்டு

எகிப்தியர் எடைக்கல்லில் கண்ட உண்மையை இன்று நாம் எளிய கணக்கினால் பெறலாம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே ஒரு டன் கம்பி வந்தது என்று எடைமேடைச் சீட்டு கூறுமாயின், எண்ணிக்கை 94ஐ ஒட்டி இருத்தல் வேண்டும். உருக்காலையில் சிறு ஏற்றத்தாழ்வு நேர்வதுண்டு. ஆனால் எண்ணிக்கை 85 ஆக இருந்தால் எங்கோ குறை உள்ளது. சீட்டையும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். அக்கால் மணி நேரத்தைச் செலவிடுவோர் மிகச் சிலரே.

சிமெண்டின் கணக்கு இதனினும் இன்றியமையாதது. 1,000 சதுர அடிப் பரப்பில் 5 அங்குலக் கனத்தில் மேல்தளம் போட்டால், உத்திரங்கள் நீங்கலாக, சுமார் 417 கன அடிக் கான்கிரீட் தேவைப்படும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்னும் வழக்கமான கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை என்று கொண்டால், ஏறத்தாழ 95 மூட்டை சிமெண்டு செல்லும். தளம் போட்டு முடிந்தபின் 75 காலிச் சாக்குகளே கிடக்குமாயின், 20 மூட்டைகளின் விலை மட்டுமா போயிற்று? அத்தளத்தின் வலிமையே போயிற்று. இரவில் கம்பியைத் தூக்கிச் செல்பவன் பணத்தைத்தான் எடுக்கிறான். கலவையில் சிமெண்டைக் குறைப்பவன் அக்கூரையின்கீழ்ப் படுத்துறங்கப் போகும் குழந்தைகளின் பாதுகாப்பையே எடுக்கிறான். முன்னது அன்றே தெரியும்; பின்னது பூச்சுக்கு அடியில் பல்லாண்டுகள் மறைந்து கிடக்கும். எனவே காலிச் சாக்குகளை எண்ணும் வழக்கம் அற்பமானதன்று. வெளியிலிருந்து காலிச் சாக்குகளைக் கொணர்ந்து போட்டுக் கணக்கைச் சரிக்கட்டும் சூழ்ச்சியும் உண்டாதலால், கலவை இயந்திரத்தின் அருகில் நம்பிக்கைக்குரிய ஒருவர் நின்று ஒவ்வொரு கலவைக்கும் கோடு கிழித்து வருதல் நன்று.

மணலிலும் நுட்பம் ஒன்று உண்டு. சிறிதளவு ஈரம் கொண்ட மணல் உப்பிக் காலில் ஒரு பங்கு வரை கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். 100 கன அடி கொண்ட ஒரு யூனிட் என்று ஈரமணலை வாங்குவோர் உண்மையில் அதனினும் குறைந்த மணலையே பெறுகின்றனர். இதனைக் களவென்று சொல்வதா, இயற்கையின் விளையாட்டென்று சொல்வதா என்பது விற்பவரின் நெஞ்சைப் பொறுத்தது.

தேவைக்கு மேற்பட்ட பொருளைக் களத்தில் குவித்து வைத்தல் பெருந்தவறு. விலை ஏறிவிடும் என்றஞ்சி 300 மூட்டை சிமெண்டை முன்கூட்டியே இறக்குவோர் கள்வனுக்கும் ஈரத்துக்கும் ஒருசேர விருந்து வைக்கின்றனர். மூன்று மாதம் கிடக்கும் சிமெண்டு தன் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கக்கூடும். குழாய்கள், மின்கம்பிச் சுருள்கள், கதவின் பித்தளைப் பொருத்துகள் ஆகியவற்றை அவை பொருத்தப்படும் வாரத்தில் வாங்குவதே போதும்.

குறியிடுதல் குறித்து நம் வட்டாரத்தாருக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. தோல் பதனிடும் இடத்தில் பலருடைய தோல்கள் ஒன்றாக ஊறுகின்றன. சுண்ணாம்பும் சாயமும் பட்டு நிறமும் உருவும் மாறி வெளிவருகின்றன. ஆயினும் ஓரத்தில் இட்ட துளைக்குறியைக் கொண்டு எது எவருடையது என்று கண்டுகொள்கின்றனர். தோலுக்கே குறியிடத் தெரிந்த ஊரில், வாடகைக்கு எடுத்த செண்ட்ரிங் தகடுகளும் இரும்பு முட்டுகளும் குறியின்றிக் கிடப்பது வியப்பே. தகட்டின் ஓரத்தில் உளியால் வெட்டிய ஓர் எழுத்தும், பளிச்சென்ற வண்ணப் பட்டையும் இருந்தால் அதனை விற்பவனும் அஞ்சுவான்; வாங்குபவனும் தயங்குவான்.

வாங்குவோர் இல்லையேல்

களவுப் பொருள் காசாக மாறினால்தான் களவு தொழிலாகும். பழைய இரும்பு வாங்கும் கடையை நாம் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்து வணிகர் அத்தொழிலில் முன்னோடிகளாக விளங்கியதால் இப்பெயர் வந்தது என்பர். நேர்மையாக நடக்கும் இக்கடைகள் ஊருக்குச் செய்யும் நன்மை பெரிது. ஆயின் வெட்டுப் புண்ணும் துருவும் படாத புதுக் கம்பியையும், உறை உரித்த செப்புக் கம்பியையும் கேள்வி கேளாமல் எடை போட்டு வாங்கும் ஒரு கடை இருந்தாலும் அது சுற்றுவட்டாரக் களங்கள் அனைத்துக்கும் கேடு விளைவிக்கும்.

இங்கிலாந்தில் இரயில்வேயின் செப்புக் கம்பிகளும் தேவாலயக் கூரைகளின் ஈயத் தகடுகளும் பெருவாரியாகக் களவு போனபோது, பழைய உலோகத்துக்கு ரொக்கமாகப் பணம் தருவதை 2012 டிசம்பரில் தடை செய்தனர். 2013இல் பழைய உலோக வணிகர்களுக்கான தனிச்சட்டமும் இயற்றினர். விற்பவர் யார் என்று எழுதி வைப்பதும், வங்கி வழியாகப் பணம் தருவதும் கட்டாயமாயின. அதன்பின் உலோகக் களவு வெகுவாகக் குறைந்தது. அக்காலத்தில் உலோக விலையும் வீழ்ந்ததால் முழுப் பெருமையையும் சட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. எனினும் கள்வனைத் துரத்துவதினும் சந்தையை அடைப்பது எளிது என்பது தெளிவு. நம் நாட்டிலும் களவுப்பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்குபவர் குற்றவாளியே. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்கிதையின் 317ஆம் பிரிவு அதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

இங்கே கசப்பான ஒன்றையும் கூறியாக வேண்டும். தன் களத்தில் பத்துக் கம்பி போயிற்றென்று காவல் நிலையம் செல்லும் அதே வீட்டுக்காரர், பாலாற்றிலிருந்து இரவோடிரவாக அள்ளி வந்த மணலை மலிவென்று வாங்கியிருக்கக்கூடும். ஆற்று மணல் யாருக்கும் உரியதன்று என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அது அரசின் உடைமை, ஊராரின் நீர்த்தொட்டி. உரிமமின்றி மணல் அள்ளுவோர்மீது கனிமச் சட்டத்தின்கீழ் மட்டுமன்றிக் களவுக் குற்றத்தின்கீழும் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. நீர் ஓடாத பாலாற்றில் மணற்படுகையே ஊற்று நீரைத் தாங்கி நிற்கிறது. அதைச் சுரண்டியபின் கிணறு வற்றுவது எதிர்பாராத விபத்தன்று. செயற்கை மணல் எளிதில் கிடைக்கும் இந்நாளில் இரவு வண்டியை எதிர்நோக்கி நிற்க வேண்டிய தேவையும் இல்லை.

காவலும் கருவியும்

கைத்தடியும் டார்ச்சும் கொடுத்து ஒரு முதியவரைத் தனியே அமர்த்திவிட்டுக் காவல் ஏற்பாடு முடிந்தது என்று எண்ணுவோர் பலர். மூவர் வந்தால் அவர் என் செய்வார்? அவர் கடமை கள்வரோடு பொருதுவதன்று. கண்டு கூவுவதும் செய்தி அனுப்புவதுமே என்பதை முதலில் அவருக்கே சொல்லிவிடுதல் வேண்டும். நல்ல விளக்கு, பூட்டிய ஒரே வாயில், உள்ளே இருப்பதை மறைக்காத வேலி, அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் ஆகியவை அவருக்குத் துணை. இரவில் ஒலி கேட்டால் எதிர்வீட்டுச் சன்னல் திறக்குமாயின் அதற்கு ஈடான காவல் இல்லை. பகலெல்லாம் தூசியும் இரைச்சலும் தந்து, தெருவை ஜல்லியால் அடைத்து வைத்தவருக்கு அச்சன்னல் திறப்பது ஐயமே.

கண்காணிப்புக் கேமராக்கள் இன்று மலிந்துவிட்டன. அவற்றால் பயன் உண்டு, எல்லை உண்டு. 2021 டிசம்பரில் வேலூர் நகரில் ஒரு நகைக்கடையின் பின்சுவரைத் துளைத்து ஏறத்தாழ 15 கிலோ தங்கத்தைக் கவர்ந்தவன், முகமூடி அணிந்து வந்து கேமராக்களின்மீது வண்ணத்தைப் பீய்ச்சி மறைத்தான். சில நாள்களில் அவன் பிடிபட்டதும், ஒடுகத்தூர்ச் சுடுகாட்டில் புதைத்திருந்த நகைகள் மீட்கப்பட்டதும் காவல்துறையின் விடாமுயற்சியால்தான். பெரும் நகைக்கடையிலேயே நிலை இதுவாயின், அரைகுறைச் சுவரில் மாட்டிய ஒற்றைக் கேமரா என் செய்யும்? மின்கம்பி இன்னும் வராத களத்தில் அதற்கு மின்சாரமும் வேண்டும்.

வேலியில் மின்சாரம் பாய்ச்சலாமே என்று சிலர் துணிவதுண்டு. அது சட்டத்துக்கும் மனிதத்துக்கும் புறம்பானது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விளைநிலத்தில் இட்ட மின்வேலி மூன்று யானைகளைக் கொன்றது. பந்தைத் தேடி வரும் சிறுவனையும் கள்வனையும் மின்சாரம் வேறுபடுத்தி அறியாது.

சிதைக்கும் கைகள்

எடுத்துச் செல்லாமல் உடைத்து மட்டும் செல்வோர் உளர். சன்னல் கண்ணாடியை நொறுக்குதல், ஈரம் உலராத தளத்தில் கால் பதித்தல், குழாயைத் திறந்துவிடுதல், பூச்சில் பெயர் எழுதுதல் ஆகியன ஒருவருக்கும் ஆதாயம் தருவன அல்ல. ஏற்றுமதி ஆணைகள் குறையும் ஆண்டுகளில் நம் ஊர்களில் பல வீடுகள் கம்பிகள் வானத்தை நோக்க அப்படியே நின்றுவிடுகின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கழிவுநீர் சுத்திகரிப்புக்கு வழி செய்யாத தோல் தொழிற்சாலைகள் மூடப்பட வேண்டும் என்றது. மூடிய தொழிற்கூடங்களும் பாதியில் நின்ற வீடுகளும் இவ்வகையில் ஒன்றே. ஆளில்லை என்பது தெரிந்ததும் முதலில் சீட்டாட்டம், பின்னர் மது, அதன்பின் கதவுநிலைகள் என்று வரிசையாக நிகழும்.

1969இல் அமெரிக்க உளவியலறிஞர் பிலிப் சிம்பார்டோ இரு நகரங்களில் இரு பழைய கார்களை நிறுத்திவைத்து ஆராய்ந்தார். நியூயார்க்கின் பிராங்சு பகுதியில் நின்ற கார் ஒரு நாளுக்குள் உரிக்கப்பட்டது. முதலில் வந்து பாகங்களைக் கழற்றியவர்கள் தாய், தந்தை, மகன் என்று ஒரு குடும்பத்தினர். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் நின்ற காரையோ ஒரு வாரத்துக்கு மேலாகியும் எவரும் தொடவில்லை. ஆராய்ச்சியாளரே சம்மட்டியால் அதை அடித்துக் காட்டிய பிறகு மற்றவரும் கூடி அடித்தனர். இதிலிருந்து பெரிய கொள்கைகளை வடித்தோரும் உளர், அவற்றை மறுத்தோரும் உளர். நமக்குத் தேவையானது சிறிதே: உடைந்த முதற்கண்ணாடியை மறுநாளே மாற்றுக, மாற்றப் பொருளில்லையேல் பலகையேனும் அடித்து மூடுக. வேலையை நிறுத்த நேர்ந்தால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்குச் சிமெண்டுப் பால் பூசி, கீழ்த்தள வாயில்களைச் செங்கல்லால் அடைத்துவிடுதல் நலம்.

ஐயமும் அறமும்

பொருள் காணாமற் போனால் ஐயம் முதலில் விழுவது சித்தாள்மீதும், மொழி தெரியாத வடமாநிலத் தொழிலாளிமீதுமே. எவர் கையெழுத்தால் பொருள் வந்தது, எவர் கையில் சாவி இருந்தது என்று கேட்பதற்கு முன்னரே ஏழையின் மூட்டை அவிழ்க்கப்படுகிறது. இவ்வழக்கம் எங்கே கொண்டு விடும் என்பதை நாம் அறிவோம். 2018இல் குழந்தை கடத்துவோர் உலவுகின்றனர் என்ற பொய்ச்செய்தி பரவியபோது, போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி மே மாதத்தில் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். கையில் கட்டிவைத்து அடிப்பது விசாரணையன்று, குற்றம்.

தொழிலாளர் ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் முதல் நாளிலேயே ஏட்டில் பதிந்து, 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் உறுப்பினராக உதவுதல் இருசாரார்க்கும் காப்பு. அவருக்கு உதவித்தொகைக்கு வழி பிறக்கிறது; களத்துக்கு யார் யார் வந்தனர் என்ற தெளிவு நமக்குக் கிடைக்கிறது. கூலியைத் தாமதமின்றிக் கொடுத்தலும் களவுத் தடுப்பின் பகுதியே. நபிகளாரின் இக்கட்டளையை மேடையில் கேட்காதார் நம் ஊர்களில் இலர். மூன்று வாரக் கூலி நிலுவையில் நிற்கும் மேஸ்திரி, கிடக்கும் கம்பியைத் தன் நிலுவைக்கு ஈடாகக் கருதத் தொடங்கினால் அதனை நாம் நியாயம் என்று சொல்லோம்; ஆனால் எதிர்பாராதது என்றும் சொல்ல இயலாது.

களவு நேர்ந்துவிட்டால் களத்தைக் கலைக்காமல் நிழற்படம் எடுத்து, வாங்கிய இரசீதுகளுடன் உடனே காவல் நிலையத்தில் புகார் தருதல் வேண்டும். எந்தக் காவல் நிலைய எல்லை என்று அலைய வேண்டுவதில்லை. எந்நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்பதும், மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும் என்பதும் புதிய நடைமுறைச் சட்டத்தில் உள்ளன. அறிக்கையின் படி கட்டணமின்றித் தரப்படும். காப்பீடு செய்திருப்போர் இழப்பீடு கோர அப்படி தேவைப்படும். களவுக்கு மூன்றாண்டு வரை தண்டனை. பணியாளரே முதலாளியின் பொருளைக் களவாடினால் ஏழாண்டு வரை. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை களவாடியவர் அதைத் திருப்பித் தந்தால் சமுதாயச் சேவையே தண்டனை என்பது புதிதாக வந்த நல்ல மாற்றம். சிதைவுக் குற்றத்தில் இழப்பு ஓர் இலட்சத்தைத் தொட்டால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

நன்கொடைக் கட்டடங்களுக்கு இன்னொன்று வேண்டும். வரவான பணத்தைப் பலகையில் எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. வரவான பொருளையும் எழுதும் பழக்கம் இல்லை. இன்று இறங்கிய கம்பி இத்தனை, சென்றது இத்தனை, இருப்பு இத்தனை என்று வாயிலருகே ஒரு கரும்பலகை இருக்குமாயின், தொழுகைக்கு வருவோரும் வகுப்புக்கு வருவோரும் கணக்காயராகிவிடுவர். கட்டடம் முடிந்தபின் எஞ்சும் ஓடுகள், குழாய்த் துண்டுகள், வண்ண டப்பாக்கள், சவுக்குக் கம்புகள் ஆகியனவே பெரும்பாலும் கணக்கில்லாமல் கலைகின்றன. ஆளுக்கொன்றாக எடுத்துச் செல்வதை எவரும் களவென்று கருதுவதில்லை. பழுதுபார்க்கத் தேவைப்படும் ஓடுகளை மட்டும் ஒரு பெட்டியில் வைத்து, ஏனையவற்றைப் பலர் முன்னிலையில் ஏலமிட்டு, அத்தொகையும் வரவுப் பக்கத்தில் ஏறிய பின்னரே கட்டடக் குழுவினர் கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தில் கையொப்பமிடுதல் முறையாகும்.